மூன்று மணிக்கு அம்மா பேசுகிறாள்

ஊரே வாய் திறந்து பேசிய என் குழலி அக்காவுக்கு,

குற்றாலம் மெயின் அருவியில் தண்ணீர் விழுகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உனக்கு இருப்புக்கொள்ளாது. ஆனி பிறந்ததும் சாரல் பிடித்துக்கொண்டது. போன வாரம் வெள்ளம் வந்து இரண்டு நாள் குளிக்கத் தடை போட்டார்கள். தடை போட்ட அன்றுதான் ஊரில் அதிக ஸ்டேட்டஸ். குளித்தவனைவிடக் குளிக்க முடியாமல் திரும்பியவன்தான் அதிகமாக வீடியோ போடுகிறான் என்பாயே, இந்த வருடமும் அப்படியேதான்.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. உன் மாணவர்கள் உனக்கு நினைவு மலர் கொண்டுவருகிறார்கள். சாதாரண ஜனங்கள் தினமும் போனில் என்ன செய்கிறார்கள் என்பதை ஆராய்ந்தே பேராசிரியர் ஆனவர் என்று உன்னைப் பற்றிப் பெரிய ஆட்கள் எல்லாம் எழுதுகிறார்களாம். தங்கை என்ற முறையில் எனக்கும் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். உருக்கமாக ஏதாவது எழுதுங்கள் என்றாள் உன் மாணவி நிவேதா. எனக்கு உருக்கம் வரவில்லை அக்கா, பொறாமைதான் வருகிறது. செத்துப்போனவள்மேல் என்னடி பொறாமை என்று கேட்பாய். கேள், சொல்கிறேன்.

உன் அஞ்சலி கார்டை நான்தான் செய்தேன். வேறு யார் செய்வது? தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருபது வருடமாக ஜெராக்ஸ், டிசைன் கடை வைத்திருக்கிறேன். பிறந்தநாள், நிச்சயதார்த்தம், கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் ஸ்டேட்டஸ் வைக்கிற படங்களில் பாதி என் கம்ப்யூட்டரில் பிறந்தவை. நெஞ்சுவலியில் போன உன்னை ஆம்புலன்ஸில் கொண்டுவந்துகொண்டிருக்கிறார்கள், நான் கடையைத் திறந்து உனக்கு எழுத்துரு தேடிக்கொண்டிருக்கிறேன். உன் தனிப்படம் ஒன்றுகூட நன்றாக இல்லை. அடுத்தவர்களைப் படம் எடுத்தே காலம் தள்ளியவள் நீ. கடைசியில் ஐந்தருவியில் நாம் இருவரும் நிற்கும் படத்தை எடுத்து, என்னை வெட்டிவிட்டு உன்னை மட்டும் வைத்தேன். உன் தோளில் என் விரல் இரண்டு மிச்சமாக நின்றன. அழிப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். ஏனோ அழிக்கவில்லை.

என் கடையில் செய்த எந்தக் கார்டும் அப்படிப் போனதில்லை. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்கள் வரைக்கும் உன்னை ஸ்டேட்டஸ் வைத்தார்கள். ஏழு வருடமாக என்னோடு பேசாத என் நாத்தனார் வைத்தாள், மூன்று அழுகிற முகங்களோடு. வாசலில் உன்னைக் கிடத்தியிருக்கிறது, நான் அடுக்களையில் நின்றுகொண்டு ஒவ்வொரு ஸ்டேட்டஸாகத் தள்ளிப் பார்க்கிறேன். எனக்கு இதில் பாதிப் பேராவது வைப்பார்களா என்று நினைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை.

இது இன்று நேற்று வந்ததில்லை. குற்றாலத்து அம்மன் குழல்வாய்மொழியின் பெயர் உனக்கு. தென்காசிக் கோவில் உலகம்மன் பெயர் எனக்கு. நீ அழகாகக் குழலி ஆனாய். நான் பள்ளிக்கூடத்தில் ‘உலக உருண்டை’ ஆனேன். "ரெண்டும் அம்மன் பேருதாம்ட்டி, இதுல என்ன ஒசத்தி கொறச்சல்" என்பாள் அம்மா. எனக்குக் குறைச்சலாகத்தான் இருந்தது.

அதெல்லாம் போகட்டும். ஐந்தருவிக்கு வருகிறேன். அந்தப் படம் எடுத்த அன்று என்ன நடந்தது என்று உன் மாணவர்களுக்குத் தெரியுமா?

அப்போது நீ புதிதாக ஆய்வு தொடங்கியிருந்தாய். தினமும் எத்தனை மணி நேரம் பார்ப்பீர்கள், எத்தனை குரூப்பில் இருக்கிறீர்கள் என்று கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு ஆறு மாதம் ஊரைச் சுற்றினாய். ஒன்றும் தேறவில்லை. முகம் வாடிக் கிடந்தவளை நான்தான் குளிக்க இழுத்துக்கொண்டு போனேன். குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது என் போனை வாங்கிப் பார்த்தாய். ‘சிலருக்கு வேலை இருந்தால்தான் நம் வீட்டு வழி தெரியும்’ என்று அன்று காலை ஒரு ஸ்டேட்டஸ் போட்டிருந்தேன்.

"இது யாருக்குட்டி?" என்றாய்.

"யாருக்கோ. ஒனக்கு எதுக்கு?"

"நூறு பேருக்கு மேல பாத்திருக்காங்களே."

"பாக்கட்டும். போட்டது ஒருத்திக்குத்தான். என் நாத்தனா. அவ பாத்துட்டா, இந்தா பேரு கெடக்கு பாரு. சாயங்காலத்துக்குள்ள அவளும் ஒண்ணு போடுவா."

"பேரே போடலயே. தனக்குத்தான்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"ஏக்கா, படிச்சவதானா நீ? தெருக்கொழாயில சண்டக்காரி நிக்கும்போது நம்ம தெருவுல என்ன செய்வாவ? கோழியத் திட்டுவாவல்லா? கோழிக்கா கோவம் வரும்? இதும் அதேதான், ஜாடைப் பேச்சு. கொழாயடிக்குப் பதிலா போன்ல பேசுதோம், அம்புட்டுதான்."

நீ தலையைக்கூடத் துவட்டவில்லை. ஈரக் கையோடு பையைத் திறந்து நோட்டை எடுத்து எழுதினாய். நாலு மணிக்கு ரோஜாப்பூவும் ஒரு வசனமுமாக நாத்தனாரின் பதில் வந்தபோது, என்னைவிட உனக்குத்தான் சந்தோஷம். அன்றைக்கு எழுதியது அத்தியாயமாகி, புத்தகமாகி, உன்னை எந்தெந்த ஊர் மேடைக்கெல்லாமோ கொண்டுபோனது.

அதற்குப் பிறகு லீவு கிடைத்தால் என் கடை முக்காலிதான் உனக்கு. வருகிறவர்கள் எல்லாம் என்னிடம் "கலர்ல ஒண்ணு போடுங்க" என்பார்கள், உன்னிடம் குடும்பக் கதையைச் சொல்வார்கள். பாவூர்சத்திரம் காய்கறி வியாபாரி அண்ணாச்சிக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவர் தினமும் மார்க்கெட்டில் இருந்து காய்களைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார், அதைப் பார்த்து அந்த அம்மா அதற்குத் தகுந்த மசாலா அரைத்து வைப்பார். வாசுதேவநல்லூர் டீச்சர் ஒருவர் நாற்பது பேருக்குக் காலை வணக்கம் அனுப்புவார், தூரத்தில் இருக்கும் மகள் ஒருத்தி பார்ப்பதற்காக. இருபது வருடம் இவர்களுக்குப் படம் போட்டுக் கொடுத்தவள் நான். இந்தக் கதைகள் எனக்குத் தெரியாது. நீ முக்காலியில் உட்கார்ந்து "அப்புறம்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் கொட்டிவிடுவார்கள். எப்படி அக்கா செய்தாய்? நானும் பின்னால் கேட்டுப் பார்த்தேன், "என்ன உலகக்கா, லேமினேஷன் ஆயிட்டா?" என்றார்கள்.

அம்மாவையும் நீதான் பிடித்தாய். கண் ஆபரேஷன் முடிந்த கையோடு ஒரு போனை வாங்கிக் கொடுத்து, மைக்கை அமுக்கிப் பேசப் பழக்கினாய். ஒரு டிக் என்றால் போயிருக்கிறது, இரண்டு டிக் என்றால் சேர்ந்திருக்கிறது, நீலமானால் நான் கேட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொடுத்தாய். அன்றிலிருந்து எல்லாக் கதையும் உனக்குத்தான். கூடவே இருக்கிற எனக்கு "காப்பி", "கரெண்டு போச்சு", "கதவச் சாத்து" என்று மூன்று வசனம். நானும் ஒன்றும் குறைந்தவள் இல்லை, "சாப்ட்டியா", "மாத்திரை போட்டியா" என்பதோடு சரி. சண்டை ஒன்றும் கிடையாது. பேசிப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

புத்தகம் வந்ததும் ஒரு பிரதி அனுப்பினாய். ஆங்கிலம். அகராதியை வைத்துக்கொண்டு முதலில் நன்றிப் பக்கத்தைத்தான் படித்தேன். பல்கலைக்கழகத்துக்கு நன்றி, தட்டச்சு செய்தவருக்கு நன்றி. கடைசி வரியில், களப்பணிக் காலத்தில் உணவும் தங்குமிடமும் தந்த தங்கைக்கு நன்றி. சோறு போட்டேன், அது நிஜம்தான். ஐந்தருவி எங்கே அக்கா? ஜாடை பற்றிய அத்தியாயம் முழுக்கத் தேடினேன், கோழி இருக்கிறது, குழாயடி இருக்கிறது, நான் இல்லை. நான் உன்னிடம் கேட்கவில்லை. நீ அடுத்த முறை வந்தபோது தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்துக் கொடுத்தேன், இன்னும் கொஞ்சம் ஊற்றவா என்று கேட்டேன். அந்தப் பொறாமையைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு பரிமாறினேன்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் உன் பை என்னிடம் வந்தது. நான்கு நோட்டு, ஒரு போன். பேங்க்காரர்கள் அனுப்பும் எண்கள் எல்லாம் அதில்தான் வரும் என்பதால் அணைக்காமல் சார்ஜ் போட்டு என் பீரோவில் வைத்திருந்தேன். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்து சாப்பிட்டு, நாலு மணி வரை கட்டிலில் கிடப்பேன். தினமும் மூன்று மணி சுமாருக்குப் பீரோவுக்குள் ‘டிங்’ என்று சத்தம். ஏதோ கம்பெனி விளம்பரம் என்று நினைத்துக்கொண்டு புரண்டு படுப்பேன். பக்கத்து ஹாலில் அம்மா முணுமுணு என்று பேசுவது கேட்கும். சாமி ஸ்லோகம் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தம் தாங்காமல் போனை எடுத்தேன். ‘அம்மா’ என்ற பெயருக்கு நேரே எழுபத்திரண்டு. அத்தனையும் வாய்ஸ். உனக்கு. நீ போன பிறகு. சிலது பதினோரு நிமிடம்.

அக்கா, அந்த நிமிடம் எனக்கு அழுகை வரவில்லை. உயிரோடு நான் ஒருத்தி பக்கத்து அறையில் கிடக்கிறேன், செத்தவளோடு பதினோரு நிமிடம் பேசுகிறாளே என்று எரிந்தது. எனக்கு மூன்று வசனம், உனக்குப் பதினோரு நிமிடம்! போனைத் தூக்கிச் சுவரில் எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. கடைசி வாய்ஸை அமுக்கிக் காதில் வைத்தேன்.

"ஏட்டி குழலி, சாப்ட்டியா? இங்கன இன்னைக்கி சாரலு. உலகு புளிக்கொழம்பு வச்சா. உப்பு கொஞ்சம் தூக்கல். நான் சொல்லல, சொன்னா மொகத்தத் தூக்கிட்டு இருப்பா. நீன்னா சொல்லிருவேன்..."

ஒன்றன்பின் ஒன்றாக ஐந்தாறு கேட்டேன். அருவி, பக்கத்து வீடு, கோவில், நடுவில் எங்காவது நான். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. டிக்! நான் கேட்டதும் அம்மாவின் போனில் நீலமாகி இருக்குமே! ஊருக்கெல்லாம் ‘யார் பார்த்தது, எப்போது பார்த்தது’ என்று பாடம் நடத்துகிறவள் நான், அந்த நேரத்தில் அது மட்டும் மறந்துபோயிற்று. இறந்த மகள் கேட்டுவிட்டாள் என்று எழுபத்தாறு வயதில் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஹாலுக்கு ஓடினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "காப்பி" என்றாள்.

மறுநாள் மூன்று மணிக்கு ‘டிங்’.

"நீலமாயிட்டு. கேட்டுட்டா போலுக்கு. சரி, கேக்கட்டும். ஏட்டி குழலி, ஒந் தங்கச்சிக்கு முழங்கால் வலி. எங்கிட்ட சொல்ல மாட்டா. படியேறும்போது சொவத்தப் பிடிக்கா. தைலத்த எடுத்து அவ கட்டில் பக்கத்துல வச்சிருக்கேன். நான் வச்சேன்னு சொல்லிராத, என்ன?"

திரும்பிப் பார்த்தேன். தைலம் அங்கே இருந்தது.

அக்கா, நீ இவ்வளவு படித்தாயே, இதைச் சொல். நான் காலையில் கடைக்குப் போனால் வீடு காலியாகத்தான் கிடக்கிறது. அம்மா எந்த நேரத்திலும் உன்னோடு பேசலாம். நான் வந்து படுத்திருக்கும் மூன்று மணிக்கு ஏன் பேச வேண்டும்? பீரோவில் ‘டிங்’ அடிப்பது எனக்குக் கேட்கிற மாதிரி அவளுக்கும் கேட்டிருக்கும்தானே? போன் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே தெரிந்திருக்கும்தானே? முன்னால் உள்ள எழுபத்திரண்டையும் உட்கார்ந்து கேட்டேன். என் பேச்சு வராத வாய்ஸ் ஒன்றுகூட இல்லை. உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, என் கதையைத்தான் பேசியிருக்கிறாள். இரண்டரை மாதமாக அம்மா கோழியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், நான் விளம்பரம் என்று புரண்டு படுத்தேன். ஜாடையைப் பற்றி உனக்கே பாடம் சொன்னவள் நான்.

அதற்கப்புறம் நிவேதா வந்தாள், உன் நோட்டுகளை வாங்கிப்போக. நல்ல பெண், அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். போனில் என்ன இருக்கிறது என்று கேட்டபோது நான் வாய்தவறி வாய்ஸ்களைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவள் கண் அப்படியே விரிந்தது. மேடத்தின் ஆய்வுக்கு இதைவிடப் பெரிய தொடர்ச்சி இல்லை, இறந்தவர் எண்ணுக்கு வரும் குரல்கள், பெயர் எல்லாம் மாற்றிவிடலாம், அனுமதி மட்டும் வேண்டும் என்றாள். அம்மாவிடம் கேட்டாள். அம்மா முறுக்கை உடைத்துக்கொண்டே, "எங்கிட்ட கேக்காதம்மா. போன வச்சிருக்கவகிட்ட கேளு" என்றாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நிவேதாவிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். நோட்டுகளைப் படித்துவிட்டுத் தருகிறேன் என்றேன். உண்மையில் ஒரே ஒரு நாளைத்தான் தேடினேன். முதல் நோட்டிலேயே இருந்தது. தண்ணீர் பட்டு மை ஊறிப்போன பக்கம். ‘ஐந்தருவி. இது உலகு சொன்னது. என்னுடையதாக எழுதக் கூடாது.’ கூடாது என்பதன் கீழே இரண்டு கோடு. அதற்குப் பக்கத்தில், பிற்பாடு வேறு பேனாவில், சிவப்பு மையில் ஒரே வார்த்தை: ‘எழுதிவிட்டேன்.’

தெரிந்தேதான் செய்தாய். மறந்துவிட்டாய் என்று நினைத்து எத்தனையோ வருடம் உன்னை மன்னிக்கப் பார்த்தேன். அந்தச் சிவப்பு வார்த்தையை எழுதும்போது உனக்கு வலித்ததா? வலித்திருந்தால் என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் சொதி ஊற்றும்போது சொல்லியிருக்கலாமே. நேராகச் சொல்ல வரவில்லையென்றால் ஒரு ஸ்டேட்டஸாவது போட்டிருக்கலாமே அக்கா, எனக்குப் புரிந்திருக்கும். நாம் மூன்று பேரும் ஒரே மண்ணில் பிடித்து வைத்தவர்கள் போலிருக்கிறது. முகத்தைப் பார்த்து ஒன்றும் வராது.

நான்கு நோட்டையும் நிவேதாவிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டித்தான் கொடுத்தேன். கோபித்துக்கொள்ளாதே. உன் புகழில் எனக்குப் பங்கு வேண்டாம், பக்கத்தில் நின்றேன் என்று தெரிந்தால் போதும்.

போனைக் கொடுக்கவில்லை. உன் நினைவு மலரில் இதை எழுதுவதே அதைச் சொல்லத்தான். நிவேதா, நீ இதை அச்சுக்கு அனுப்பும்போது படிப்பாய் அல்லவா? அந்த வாய்ஸ்கள் உன் மேடத்துக்கு வந்தவை அல்ல. எனக்கு வந்தவை. என் அக்காவுக்குக் குற்றாலத்து அம்மன் பெயர் கிடைத்தது, புத்தகம் கிடைத்தது, ஊரே ஸ்டேட்டஸ் வைத்தது. எனக்கு இது ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. இதை நான் யாருக்கும் தரமாட்டேன், பெயரை மாற்றினாலும் தரமாட்டேன்.

அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். இரண்டு தடவை ஹால் வரைக்கும் போய் "மாத்திரை போட்டியா" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். கடைசியில் தைலப் பாட்டிலைப் படம் பிடித்து, கடைக்குப் போய், சுற்றிலும் மல்லிகைப் பூ பார்டர் போட்டு, ‘சிலர் சொல்லாமல் வைத்த தைலம் நன்றாகக் கேட்கிறது’ என்று எழுதி ஸ்டேட்டஸ் வைத்தேன். ஊரில் நூறு பேர் பார்த்துக் குழம்பியிருப்பார்கள். பார்த்தவர்கள் பட்டியலைத் திறந்தேன். முதல் பெயர் அம்மா.

மத்தியானம் வீட்டுக்குப் போனால் புளிக்குழம்பு அவளே வைத்திருந்தாள். வாயில் வைக்க முடியவில்லை, அவ்வளவு உப்பு. "நல்லாருக்காட்டி?" என்றாள். அது நான்காவது வசனம். "உப்பு தூக்கல்" என்றேன், நேராக, முகத்தைப் பார்த்து. அம்மா சிரித்துவிட்டாள் அக்கா.

சிரித்தது சிரித்ததுதான், ஆனாலும் மூன்று மணிக்கு உனக்குத்தான் பேசினாள். அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அம்மா பேசுகிற வரைக்கும் உன் எண் சாகாது. சார்ஜ் இறங்க விடமாட்டேன், ‘டிங்’ சத்தத்தைக் குறைக்க மாட்டேன், ஒவ்வொன்றையும் கேட்டு நீலமாக்குவேன். அவள் உன் பெயரைச் சொல்லியே என்னைக் கூப்பிடட்டும். எரியும்தான். எரிந்தாலும் எழுந்து போய் எடுப்பேன்.

உன் தோளில் இரண்டு விரலாக நிற்கும்
தங்கை உலகு

தென்காசி